வேலியே காட்டை மேய்ந்த தீவு

போன மாதம் எங்கள் பகுதி இயற்கை உழவர் கூட்டத்தில் பேச்சு கடலை விலையில் ஆரம்பித்து மயிலில் வந்து நின்றது. இப்போதெல்லாம் எந்தக் கூட்டமும் அங்கேதானே வந்து நிற்கிறது! பத்து வருடமாக ரசாயனமே தொடாத ஒரு தோழர் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, நாலு கடலையில கொஞ்சம் மருந்தத் தடவி வரப்புல வச்சா என்ன தப்பு? நான் போட்ட விதையில பாதி அது வயித்துக்குள்ள போயிருச்சு."

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நொந்துபோனவர். எனக்கும் அன்றைக்குப் பதில் வரவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான், முன்பு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு தீவின் கதை நினைவுக்கு வந்தது. அங்கேயும் உழவர்கள் இருந்தார்கள், பயிரைத் தின்ற ஒரு பறவை இருந்தது, பறவையைச் சுடத் துப்பாக்கியும் இருந்தது. கடைசியில் அந்தத் தீவின் காட்டைத் தின்றது பறவை இல்லை, தோட்டத்து வேலி! நம்ம வேலிக்கும் அதில் சேதி இருப்பதால் எழுதுகிறேன்.

மேகம் குடிக்கும் காடு

போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் மொத்தம் 9 தீவுகள். லிஸ்பன் நகரிலிருந்து மேற்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கடலுக்குள் கிடக்கின்றன. எல்லாம் எரிமலை கக்கியதில் உண்டான நிலம். அவற்றில் பெரியது சாவோ மிகேல். பரப்பு 750 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் குடியேறும் வரை அங்கே ஊர் கிடையாது, உழவு கிடையாது. தீவு முழுக்கப் பெரும்பாலும் காடுதான்.

அந்தக் காட்டுக்கு லாரல் காடு என்று பெயர். நம்ம இலவங்கப்பட்டை, பிரிஞ்சி இலை, வெண்ணெய்ப்பழம் எல்லாம் லாரல் குடும்பம்தான். நீலகிரி, பழனி மலைச் சோலைகளிலும் இந்தக் குடும்பத்து மரங்கள் நிறைய உண்டு. சோலைக்குள் நடந்தவர்களுக்கு அந்தத் தீவுக் காட்டை மனதில் கொண்டுவருவது கஷ்டமில்லை. உயரம் குறைந்த, எப்போதும் பச்சையாக நிற்கும் மரங்கள், கிளையெல்லாம் பாசி, காலுக்கடியில் பஞ்சு மாதிரி ஈரம். உச்சியில் மேகம் வந்து படியும். மேகம் இலையில் பட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கும். பாசி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். கீழே இருக்கிற ஊருக்கும் தோட்டத்துக்கும் அதுதான் தண்ணீர்த் தொட்டி.

ஒரு காலத்தில் இந்த வகைக் காடு தென் ஐரோப்பா முழுக்க இருந்திருக்கிறது. பருவநிலை மாறி அங்கே அழிந்துபோக, அசோர்ஸ், மதேரா, கேனரி போன்ற கடல் நடுவே உள்ள தீவுகளில்தான் பெரும்பாலும் மிஞ்சியது. மிஞ்சியதில் பாதியைக் கோடாலியும் மீதியைச் சந்தையும் பங்கு போட்டுக்கொண்டன என்று சொன்னால் தப்பில்லை.

ஆரஞ்சும் அதன் வேலியும்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் சாவோ மிகேல் தீவுக்கு யோகம் அடித்தது. ஆரஞ்சு! இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆரஞ்சு போனது. கையில் காசு வந்ததும் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டம்.

ஆனால் கடல் நடுவே உப்புக் காற்று சும்மா விடுமா? பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். அதனால் தோட்டத்தைச் சுற்றி உயரமான உயிர்வேலி வைத்தார்கள். உள்ளூர் மரங்களும் வைத்தார்கள், வெளியூர் மரங்களையும் கொண்டுவந்தார்கள். அப்படி வந்ததில் ஒன்று ஆஸ்திரேலியாவின் ஒரு பிட்டோஸ்போரம் மரம். பூ மணப்பதால் தீவுக்காரர்கள் அதற்குச் சாம்பிராணி என்று பொருள்படும்படி இன்சென்சோ என்று பெயர் வைத்தார்கள். வேகமாக வளரும், காற்றைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேலிக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம் ஆரஞ்சுக்கு நோய் வந்தது, செதில் பூச்சி வந்தது, ஸ்பெயின் நாட்டு ஆரஞ்சும் சந்தைக்குப் போட்டியாக வந்தது. ஒற்றைப்பயிரை நம்பிய ஊருக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆரஞ்சு வணிகம் படுத்துவிட்டது. ஜனங்கள் தேயிலை, அன்னாசி, புகையிலை என்று மாறிக்கொண்டார்கள்.

ஆரஞ்சு போனது. வேலி போகவில்லை. பிசுபிசுப்பான அதன் விதையைப் பறவைகள் தின்று தின்று மலையடிவாரம் முழுக்கப் போட்டன. இன்றைக்கு அந்தத் தீவின் தாழ்வான பகுதிகளில் சொந்தக் காடு நிற்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் இந்த மரம்தான் நிற்கிறது.

எதிரியான பறவை

இதே தீவில் பிரியோலோ என்று ஒரு சின்னப் பறவை. நம்ம சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிசு. கறுப்புத் தலை, தடித்த கறுப்பு அலகு, மங்கிய உடம்பு. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, சாவோ மிகேல் தீவில் மட்டும்தான். லாரல் காட்டின் விதை, பழம், மொட்டு, பெரணி என்று பருவத்துக்குப் பருவம் மாற்றித் தின்று வாழும்.

பக்கத்திலேயே மொட்டு நிறைந்த ஆரஞ்சுத் தோட்டம் இருந்தால் சும்மா போகுமா? மொட்டில் கை வைத்தது. உழவர்கள் துப்பாக்கியில் கை வைத்தார்கள். அன்றைக்கு அந்த உழவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மொட்டு போனால் பழம் போச்சு, பழம் போனால் கப்பல்காரனிடம் வாங்கிய முன்பணம் கழுத்தைப் பிடிக்கும். நம்ம கடலைத் தோழர் நின்ற இடத்தில்தான் அவரும் நின்றார்.

ஆனால் கதையின் முடிவைப் பாருங்கள். ஆரஞ்சு செத்தது நோயாலும் சந்தையாலும். பறவையைச் சுட்டதால் ஒரு ஆரஞ்சு மரமும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஆரஞ்சு போன பிறகு பறவையைச் சுட ஆளில்லை. அப்படியும் அது பெருகவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கண்ணில் படுவதே அபூர்வமாகி, 1990களில் தீவின் கிழக்கு மூலையில் பிக்கோ த வாரா மலையைச் சுற்றிச் சில நூறு பறவைகளே இருந்தன. ஏன் பெருகவில்லை? அது திரும்பிப் போய் வாழக் காடு இல்லை.

பாலுக்குப் போன காடு

காட்டில் ஒரு பங்கு ஜப்பானிலிருந்து வந்த கிரிப்டோமேரியா என்ற கட்டை மரத்துக்குப் போனது. பெரும்பங்கு மாட்டுக்குப் போனது. இன்றைக்குப் போர்ச்சுகல் நாட்டுப் பாலில் சுமார் 30 சதவீதம் இந்தக் குட்டித் தீவுகளிலிருந்து வருகிறது. படத்தில் பார்த்தால் பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் இருக்கும். அந்தப் பச்சையில் ஒரு பகுதி மூட்டையில் வந்த பச்சை.

ஃபுர்னாஸ் என்ற ஊரில் எரிமலை வாயில் ஒரு ஏரி இருக்கிறது. சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்துக்குப் போட்ட உரமும் மாட்டுச் சாணமும் மழையில் கரைந்து ஏரிக்கு இறங்கி, தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகிவிட்டது. கடைசியில் தீவின் அரசே ஏரியைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களைக் காசு கொடுத்து வாங்கி, மாட்டை எடுத்துவிட்டு மரம் நட வேண்டியதாயிற்று. சாணம் நமக்குச் சாமி மாதிரி. ஆனால் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் மாட்டை ஏற்றினால் அந்தச் சாமியும் விஷமாகும்.

இமயமலை இஞ்சி

மிஞ்சிய காட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. நம்ம இமயமலை அடிவாரத்துச் செடி ஒன்று அங்கே அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டது. மஞ்சள் பூவும் நல்ல மணமும் உள்ள காட்டு இஞ்சி வகை. மஞ்சள், இஞ்சி போட்டவர்களுக்குக் கிழங்கு எப்படிப் பின்னிக்கொண்டு பரவும் என்று தெரியும். அதைப் பிடுங்க ஆளே இல்லாத மலையில் விட்டால்? தரை முழுக்கக் கிழங்குப் பாய். லாரல் விதை அந்தப் பாய்மேல் விழுந்தால் மண்ணைத் தொடவே முடியாது. பெரிய மரம் நிற்கும், அதன் கீழே கன்று இருக்காது. குழந்தை பிறக்காத ஊர் மாதிரி, பார்க்க நன்றாக இருக்கும், கணக்கு முடிந்துவிட்டது.

இன்னொன்று மதேரா தீவிலிருந்து வந்த கிளெத்ரா மரம். மதேராவில் அது லாரல் காட்டின் சொந்தப் பிள்ளை. அங்கே யாருக்கும் தொந்தரவு இல்லை. அதே மரம் சாவோ மிகேலில் காட்டை விழுங்குகிறது. 'நாட்டு மரம்' என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, எந்த நாட்டுக்கு, எந்த மண்ணுக்கு என்று கேட்காமல் அந்த வார்த்தைக்குப் பொருள் இல்லை.

மீட்ட கைகள்

2003ஆம் ஆண்டு போர்ச்சுகல் பறவை ஆய்வுச் சங்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் நிதியோடு இந்தக் காட்டை மீட்கும் வேலையை ஆரம்பித்தது. மலையேறி இஞ்சியையும் கிளெத்ராவையும் அகற்றினார்கள். காட்டில் விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, லாரலையும் அதன் கூட்டாளி மரங்களையும் கன்றாக்கித் திரும்ப நட்டார்கள். வேலை செய்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் நிறைய. கூலி இருந்தது. பிறகு அந்தப் பறவையின் பெயரிலேயே உள்ளூர்ப் பொருட்களுக்கும் விடுதிகளுக்கும் ஒரு முத்திரை உண்டாக்கினார்கள். தாத்தா காலத்தில் சுட்ட பறவையின் பெயரைப் பேரன் காலத்தில் கடைப் பலகையில் எழுதுகிறார்கள்.

பலன் தெரிந்தது. 2005இல் அழிவின் விளிம்பில் என்று உலகப் பட்டியலில் போடப்பட்ட பிரியோலோ, 2010இலும் 2016இலும் ஒவ்வொரு படியாக ஆபத்துக் குறைந்த நிலைக்கு வந்தது. இப்போதைய கணக்கு சுமார் ஆயிரம் பறவை. ஆயிரம்தான். ஆனாலும் பறவை இருக்கிறது, அதற்கான காடும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

இந்த வேலையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, கிளெத்ராவை ஒரேயடியாக வெட்டித் தள்ள முடியவில்லை. ஏனென்றால் சொந்தக் காட்டின் பழமும் விதையும் குறைந்துபோனதால், குளிர்காலத்தில் பிரியோலோ தின்றதே அந்த அந்நிய மரத்தின் விதையைத்தான்! களை என்று வெட்டினால் பறவை பட்டினி. அதனால் பறவைக்குத் தீனி தரும் சொந்த மரங்களை நட்டுக்கொண்டே, பகுதி பகுதியாக அகற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது நமக்குக் கசக்கும். அந்தக் களைகளை அழிக்கக் களைக்கொல்லியையும் பயன்படுத்தினார்கள். இயற்கை விவசாயப் பத்திரிகையில் இதை மறைத்துவிட்டு எழுதலாம், ஆனால் அது நேர்மையாகாது. கைக்கு அடங்காத அளவு பரவிய பிறகு, செங்குத்தான மலையில், அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இதை வைத்து 'பார்த்தீங்களா, மருந்து தேவைதான்' என்று யாராவது நம்மிடம் வாதம் பண்ண வரலாம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். முதல் பத்து இஞ்சிக் கிழங்கைக் கையால் தோண்டி எறிந்திருந்தால் மருந்துக்கு வேலையே இல்லை. களைக்கொல்லி என்பது காலதாமதத்துக்கு நாம் கட்டும் வட்டி.

நம்ம வேலியில் என்ன நிற்கிறது?

இங்கேதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காட்டுக்கு ஆபத்து என்றால் சுரங்கம், சொகுசு விடுதி, கம்பெனி என்று கை நீட்டுகிறோம். நீட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீவில் காட்டை விழுங்கிய மரங்களில் ஒன்று, உழவன் நல்ல எண்ணத்தோடு வரப்பில் வைத்த வேலி மரம்.

நாமும் அப்படி வைத்திருக்கிறோம். சீமைக் கருவேலத்தை விறகுக்கும் வேலிக்கும் என்றுதான் ஊர் ஊராக விதைத்தார்கள். நீலகிரியில் சீகை மரமும் கற்பூர மரமும் தோல் பதனிடவும் விறகுக்கும் எண்ணெய்க்கும் என்றுதான் வந்தன. இன்று புல்வெளிகளை எங்கே தேடுவது? இதெல்லாம் அடுத்தவர் செய்தது என்று தப்பிக்க முடியாது. தழைச்சத்துத் தரும், ஆடு தின்னும், சீக்கிரம் வளரும் என்று சூபாபுல்லை நம்ம இயக்கக் கூட்டங்களிலேயே சிபாரிசு செய்திருக்கிறோம். உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. சாவோ மிகேல் காட்டை மூடிய அந்த இமயமலை இஞ்சி அதில் இருக்கிறது. சூபாபுல்லும் இருக்கிறது.

ஏற்கனவே வைத்தவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. காய் முற்றி வெடிப்பதற்கு முன்னால் கவாத்து பண்ணுங்கள், வரப்பைத் தாண்டி முளைத்ததைக் கன்றிலேயே பிடுங்குங்கள், புதிதாக வைப்பதை நிறுத்துங்கள். மாற்று நம்மிடமே இருக்கிறது. கொங்கு மேட்டு நிலத்தில் கொறங்காட்டைச் சுற்றித் தாத்தா வைத்த கிளுவை வேலி இருக்கிறதே, அதை விடவா வேலி வேண்டும்? நொச்சி, ஆடாதோடை, ஆற்றோரத்துக்கு மூங்கில், கடற்கரைப் பக்கம் பூவரசும் புன்னையும் தாழையும், எங்கும் பனை. அந்தந்த மண்ணில் எது நின்றதோ அது. சூபாபுல் அளவுக்கு வேகம் இருக்காது என்பது உண்மைதான். வேகமாக வளர்வது வேகமாகப் பரவவும் செய்யும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது, பிடுங்குவதற்கு முன்னால் நடுவதற்குத் தயாராக இருக்க வேண்டும். 2017இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததும் சீமைக் கருவேலத்தை ஊரெங்கும் பொக்லைன் வைத்துத் தோண்டினோம். எத்தனை ஊரில் அந்த இடத்தில் வேறு மரம் நின்றது? வெறும் தரையாக விட்ட இடத்தில் முதலில் முளைத்ததும் அதே கருவேலம்தான். கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்று வேலை என்ன என்றும் யாரும் கேட்கவில்லை. தீவுக்காரர்கள் பறவையின் தீனியைக் கணக்கில் எடுத்து வெட்டினார்கள். நாம் மனிதரின் கஞ்சியைக் கூடக் கணக்கில் எடுக்கவில்லை.

செலவு யாருடையது?

கடைசியாகக் காசு விஷயம். பிரியோலோவைக் காப்பாற்றிய செலவு அந்த மலையடிவாரத்து உழவர் தலையில் மட்டும் விழவில்லை. ஐரோப்பிய மக்களின் வரிப் பணம் வந்தது. ஏரிக்காக நிலம் தேவைப்பட்டபோது அரசு விலை கொடுத்து வாங்கியது. காடும் பறவையும் எல்லாருக்கும் சொத்து என்றால், செலவும் எல்லாருக்கும் பொது.

இங்கே நிலைமை தலைகீழ். மயில் தேசியப் பறவை, தொட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். சரி, பாயட்டும். ஆனால் தேசியப் பறவைக்குத் தீனி போடுவது மட்டும் ஏன் அரை ஏக்கர் கடலைக்காரன் வேலை? பயிர்ச் சேதத்துக்கு நியாயமான இழப்பீடு, அலைய விடாமல், அந்தப் பருவத்துக்குள்ளேயே வர வேண்டும். இது சலுகை இல்லை, கூலி. இதை இயக்கம் விடாமல் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அடுத்த கூட்டத்தில் மருந்து தடவுவதைப் பற்றி இரண்டு பேர் கேட்பார்கள், அதற்கடுத்த கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், தடவிவிட்டே வருவார்கள்.

அந்தத் தோழருக்கு என் பதில் இதுதான். அண்ணே, மருந்து தடவாதீங்க. மயிலுக்கு வைத்ததை கவுதாரியும் தின்னும், கீரியும் தின்னும், உங்க வீட்டு நாயும் தின்னும். மயில் பெருகியதற்கு நரி குறைந்தது, கருவேலப் புதர் மண்டியது என்று பல காரணம் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்பதில் பேச்சு இருக்கட்டும். ஒரு மயிலைக் கொன்றால் அந்தக் காரணங்களில் ஒன்றாவது குறையுமா? ஆரஞ்சுக்காரர்கள் சுட்டுப் பார்த்தார்கள். பறவையும் போய், ஆரஞ்சும் போய், கடைசியில் மிஞ்சியது வேலி.

இந்தப் பருவத்து நஷ்டத்துக்கு என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. இழப்பீட்டு மனுவை எழுத நான் கூட வருகிறேன், அலுவலகத்துக்கும் சேர்ந்தே போவோம். உங்கள் தெற்குப் பொழியில் நிற்கிற சூபாபுல்லைக் காய் வெடிப்பதற்குள் நறுக்கி மூடாக்குப் போடுவோம். அந்த இடத்தில் ஊன்ற எங்கள் காட்டுக் கிளுவையில் போத்து வெட்டிக்கொள்ளலாம். மழை ஆரம்பித்ததும் வந்துவிடுங்கள்.